ஃபைல் போட வந்தவனுக்கு வீட்டுச் சாவி எதுக்கு சாமி?

தேவை ரொம்பச் சின்னது. வெளியாள் ஒருத்தர் தினமும் ராத்திரி ஒரு ஃபைல் அனுப்புவார். நம்ம சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல அது வந்து உட்காரணும். காலையில நம்ம ஆள் அதை எடுத்துக்குவார். அவ்வளவுதான் மேட்டர்.

இதுக்கு என்ன பண்றாங்க தெரியுமா? அந்த வெளியாளுக்கு சர்வர்ல ஒரு முழு அக்கவுண்ட். முழு ஷெல். கம்பெனி பேரையும் 123-ஐயும் ஒட்டி ஒரு பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்ட் மெயில்ல போகும், அங்கேயிருந்து ஒரு எக்ஸல் ஷீட்டுக்குப் போகும், அங்கேயிருந்து அவங்க ஆபீஸ்ல நாலு பேர் கைக்குப் போகும். அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க, பாஸ்வேர்டோட. அப்புறம் "ஃபைல் போட முடியல சார், பெர்மிஷன் டினைடுன்னு வருது"ன்னு ஒரு போன் வரும். உடனே நம்ம அட்மின் அண்ணாச்சி அந்த ஃபோல்டருக்கு 777 போடுவார். வேலை முடிஞ்சது, டீ குடிக்கப் போகலாம்.

இந்த வழக்கத்தைத்தான் இன்னைக்குக் கிழிக்கப் போறேன். ஏன்னா இதுக்கு ஒரு சாக்கும் கிடையாது. ஒரு யூசரை ஒரே ஒரு டைரக்டரிக்குள்ள அடைச்சு, பத்திரமா ஃபைல் மட்டும் அனுப்ப வைக்கிற வசதி ஓபன்எஸ்எஸ்ஹெச்லயே இருக்கு. 2008 மார்ச்சிலிருந்து இருக்கு. இலவசம். ஏழெட்டு வரி. தனி சாஃப்ட்வேர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அப்பவும் செய்ய மாட்டேங்கிறோம்னா, அது தெரியாததால இல்லை, அலட்சியம். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுக்கிறது பெரும்பாலும் அட்மினும் இல்லை, முதலாளியும் இல்லை. அதைக் கடைசியில சொல்றேன்.

பூட்டினது பாதையை, வீட்டை இல்லை

கொஞ்சம் பழைய கதை. எஃப்டிபி-ங்கிற ஃபைல் அனுப்பும் முறையை முதலில் எழுதி வைத்தவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடி-யில் படித்து, அமெரிக்காவில் எம்ஐடி-க்குப் போனவர். 1971-ல் எழுதினார். இன்றைக்கும் எல்லோரும் சுட்டிக் காட்டுகிற எஃப்டிபி தரநிலை ஆவணம் 1985-ல் வந்தது. அந்தக் காலத்து நெட்வொர்க்கில் இருந்தவர்கள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள். அதனால பாஸ்வேர்ட் பட்டவர்த்தனமா ஒயர்ல போனா யாரும் கவலைப்படலை.

பிறகு கவலைப்பட வேண்டி வந்தது. பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நெட்வொர்க்கில் போகிற பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக் கேட்டுத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனென் 1995-ல் எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். 1999-ல் ஓபன்பிஎஸ்டி ஆட்கள் ஓபன்எஸ்எஸ்ஹெச்-ஐக் கொண்டு வந்தார்கள். அதோட சேர்ந்து வளர்ந்ததுதான் எஸ்எஃப்டிபி. பேரில் எஃப்டிபி இருந்தாலும் அதற்கும் பழைய எஃப்டிபி-க்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. எஸ்எஸ்ஹெச் குழாய்க்குள்ளே ஓடுகிற தனி முறை அது.

இப்ப பழைய எஃப்டிபி கிட்டத்தட்ட ரிட்டயர் ஆயிடுச்சு. 2021-ல ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதைத் தூக்கிப் போட்டாச்சு. எல்லாரும் "நாங்க எஸ்எஃப்டிபி-க்கு மாறிட்டோம், இப்ப செக்யூர்"னு மார்தட்டுறாங்க.

இங்கதான் தப்பே ஆரம்பிக்குது. எஃப்டிபி-யிலிருந்து எஸ்எஃப்டிபி-க்கு மாறினா பாதையில நடக்கிற திருட்டு நிக்கும். சரி. ஆனா பாதையைத் தாண்டி வீட்டுக்குள்ள வந்தவன் எந்த எந்த ரூமுக்குப் போகலாம்? அதை எஸ்எஃப்டிபி தானா முடிவு பண்ணாது. பழைய எஃப்டிபி சர்வர்கள்ல ஆளை அவனோட ஃபோல்டருக்குள்ள அடைக்கிற செட்டிங் இருந்தது. நிறைய பேர் அதைப் போட்டும் வச்சிருந்தாங்க. எஸ்எஸ்ஹெச்-க்கு மாறும்போது சாதாரணமா ஒரு யூசரை உருவாக்கினா, அவனுக்கு ஃபைல் அனுப்புற உரிமையோட ஷெல்லும் சேர்ந்து போகுது. அதாவது திருட்டு பயத்துல தெருவுக்கு லைட் போட்டுட்டு, வீட்டுக் கதவைக் கழட்டி வச்சுட்டோம்.

ஷெல் கொடுத்தா அப்படி என்ன குடி முழுகிடும்?

கேக்கறாங்க. சொல்றேன், வரிசையா.

1. சர்வரில் உள்ள எல்லா யூசர் பெயர்களும் இருக்கிற பாஸ்வேர்ட் ஃபைலை (பேர்தான் அப்படி, உள்ளே இப்போது பாஸ்வேர்ட் இல்லை) யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் யாருக்கு அக்கவுண்ட் இருக்கிறது என்பது ஒரு நொடியில் தெரியும்.

2. மற்றவர்களின் ஹோம் டைரக்டரிக்குள் எட்டிப் பார்க்கலாம். உபுண்டு 2021-ல் வந்த 21.04 பதிப்பில்தான் புது ஹோம் டைரக்டரிகளை மற்றவர்கள் திறக்க முடியாதபடி மாற்றியது. அதற்கு முன் உருவாக்கிய அக்கவுண்ட்கள் யாரும் கை வைக்காத வரை திறந்தேதான் கிடக்கும்.

3. வெப்சைட்டின் கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும். அதற்கு எல்லோரும் படிக்கும் பெர்மிஷன் கொடுத்த சர்வர்கள் கொள்ளை கொள்ளையாய் உண்டு. ஃபைல் போட வந்தவன் டேட்டாபேஸையே எடுத்துக்கொண்டு போகலாம்.

4. இதுதான் பெரிசு. சர்வரில் எந்த ஓட்டை இருந்தாலும், "லோக்கல் யூசர் மட்டும்தான் பயன்படுத்த முடியும்" என்று எழுதியிருந்தால் நாம் அலட்டிக்கொள்ள மாட்டோம். 2022 ஜனவரியில் பிவிஎன்கிட் என்று பெயர் வைத்த ஒரு ஓட்டை வெளியே வந்தது. போல்கிட் என்ற சாஃப்ட்வேரில், 2009-லிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அது வழக்கமாகவே இருக்கும். சாதாரண அக்கவுண்ட் உள்ள எவனும் அதை வைத்து ரூட் ஆகலாம். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல்! அத்தனை வருஷமும் "அவனுக்கு ரூட் எல்லாம் தரலை சார், சாதா யூசர்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்?

நாலாவதை இன்னொரு தடவை படிங்க. ஒரு கமாண்டும் ஓட்ட முடியாம, ஃபைல் மட்டும் ஏத்தி இறக்க முடிஞ்ச ஆளுக்கு பிவிஎன்கிட் ஒண்ணுக்கும் உதவாது. ஏத்தலாம், ஓட்ட முடியாது. ஷெல் இருந்தவனுக்கு அது தங்கச் சாவி.

இந்த வேலைக்கு ஒரு பழைய பேரும் உண்டு. 1975-லேயே சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதின கட்டுரையில சொல்லியாச்சு: எந்த ஆளுக்கும் எந்த புரோகிராமுக்கும் அதன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமை மட்டும்தான் இருக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு நாம 777 போட்டுக்கிட்டு இருக்கோம்.

சரி, எப்படி அடைக்கிறது?

யூனிக்ஸில் சிஎச்ரூட் என்று ஒரு சங்கதி உண்டு. 'சேஞ்ச் ரூட்' என்பதன் சுருக்கம். 1979-ல் வந்த ஏழாவது யூனிக்ஸ் பதிப்பிலேயே இருக்கிறது. ஒரு புரோகிராமுக்கு "இதுதான் உலகத்தின் உச்சி" என்று ஒரு டைரக்டரியைக் காட்டிவிடும். அதற்கு மேலே ஒன்றும் கண்ணில் படாது. கிணற்றுத் தவளை மாதிரி. தவளைக்குக் கிணறே உலகம்.

2008 மார்ச்சில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 4.9-ல் இதை நேரடியாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் இதைச் செய்வது நிஜமாகவே தலைவலி. அடைக்கிற டைரக்டரிக்குள் ஷெல், லைப்ரரி, டிவைஸ் ஃபைல் என்று ஒரு குட்டி லினக்ஸையே கட்டி வைக்க வேண்டும். அல்லது ஆர்எஸ்எஸ்ஹெச் மாதிரி வெளி சாஃப்ட்வேர் போட வேண்டும். (அந்த ஆர்எஸ்எஸ்ஹெச்-சில் 2019-ல் ஓட்டைகள் வெளிவந்தன, பராமரிப்பும் நின்று போனது. இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.) 4.9-ல் இன்னொரு வேலையும் செய்தார்கள்: எஸ்எஃப்டிபி சர்வரை எஸ்எஸ்ஹெச் சர்வருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' என்று பெயர். அதனால் கிணற்றுக்குள் எந்தச் சாமானும் வைக்க வேண்டியதில்லை.

எஸ்எஸ்ஹெச் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் போட வேண்டியது இவ்வளவுதான். (தமிழ் எழுத்தில் எழுதியிருக்கேன். சர்வர்ல இங்கிலீஷ்லதான் தட்டணும், அங்க போய் என்னைத் திட்டாதீங்க :-) )

சப்சிஸ்டம் எஸ்எஃப்டிபி இன்டர்னல்-எஸ்எஃப்டிபி
மேட்ச் குரூப் ஃபைல்மட்டும்
சிஎச்ரூட்டைரக்டரி (அந்த யூசருக்கான டைரக்டரி)
ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி
அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ
எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ

முதல் வரி ஏற்கெனவே வேறு மாதிரி இருக்கும், அதை மாற்றினால் போதும்; புதிதாக இன்னொன்று சேர்க்காதீர்கள். 'மேட்ச்' வரியிலிருந்து கீழே உள்ளதெல்லாம் அந்த குரூப்புக்கு மட்டும் பொருந்தும். அடுத்த 'மேட்ச்' வரும் வரை அல்லது ஃபைல் முடியும் வரை அது நீளும். அதனால் ஃபைலின் கடைசியில் போடுங்கள். நடுவில் சொருகினால், கீழே இருக்கிற பொது செட்டிங் எல்லாம் இந்த குரூப்புக்குள் மாட்டிக்கொள்ளும். 'ஃபைல்மட்டும்' என்பது நான் வைத்த பெயர். நீங்கள் ஒரு குரூப்பை உருவாக்கி, வெளியாட்களை அதில் சேர்த்துவிட்டால் போதும்.

சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணும் முன் கான்ஃபிக் சரியா என்று பார்க்கும் சோதனை கமாண்டை ஓட்டுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கிற ஒரு ரூட் ஜன்னலை மூடாமல் வையுங்கள். உங்களை நீங்களே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டால் சர்வர் ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும்.

எல்லாரும் தோத்து ஓடுற இடம்

இவ்வளவு சுலபம்னா ஏன் செய்யறதில்லை? ஒரே ஒரு எர்ரர். அது வந்ததும் பாதி பேர் ஓடிடறாங்க.

மேலே சொன்ன வரிகளைப் போட்டு, யூசரின் சொந்த ஹோம் டைரக்டரியையே கிணறாகக் காட்டினால், லாகின் ஆனவுடனே கனெக்‌ஷன் அறுந்து போகும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு 'ப்ரோக்கன் பைப்' என்று மட்டும் தெரியும். நம் பக்கத்து லாகில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிஎச்ரூட் டைரக்டரி' என்று அழகாக எழுதியிருக்கும். லாகைப் படிக்கிற பழக்கம் இருந்தால் அங்கேயே முடிந்தது விஷயம்.

காரணம் இது. கிணறாகக் காட்டுகிற டைரக்டரியும், உச்சியிலிருந்து அது வரைக்கும் வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ரூட்டைத் தவிர வேறு யூசரோ குரூப்போ அதில் எழுத முடியக் கூடாது. இல்லையென்றால் ஓபன்எஸ்எஸ்ஹெச் உள்ளே விடாது.

இதைப் பார்த்ததும் நம்ம ஆள் என்ன பண்றார்? வழக்கமான மருந்து, 777. எர்ரர் போகாது, ஏன்னா அந்த மருந்துதான் இங்க நோய். அடுத்து? சிஎச்ரூட் வரிக்கு முன்னாடி ஒரு கமெண்ட் குறி. "சிஎச்ரூட் எல்லாம் வேலை செய்யாது சார், பக் இருக்கு"ன்னு ஒரு தீர்ப்பு. கேஸ் குளோஸ்.

பக் இல்லை சாமி. அது வேணும்னே வச்ச விதி. ஒருத்தன் தன் உலகத்தின் உச்சியிலேயே எழுத முடிந்தால், அங்கே போலியாக ஒரு பாஸ்வேர்ட் ஃபைலையோ லைப்ரரியையோ உருவாக்கி வைக்கலாம். அந்த உலகத்துக்குள் ரூட் அதிகாரத்தோடு எது ஓடினாலும் அந்தப் போலியை நம்பி ஏமாறும். சுவர் கட்டுகிற பொறுப்பைக் கைதியிடமே கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

தீர்வும் ரெண்டு நிமிஷ வேலை. கிணறு ரூட்டுக்குச் சொந்தமாக, 755 பெர்மிஷனோடு இருக்கட்டும். அதற்குள் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் யூசருக்குச் சொந்தமாக்குங்கள். உள்ளே வருபவர் உச்சியைப் பார்ப்பார், எழுத முடியாது. 'வரவு'க்குள் போனால் இஷ்டத்துக்கு எழுதலாம். அவ்வளவுதான். வெளியே உள்ள வேறு டைரக்டரியைக் காட்ட வேண்டுமென்றால் சிம்லிங்க் போட்டு ஏமாறாதீர்கள். கிணற்றுக்குள்ளிருந்து அது எங்கேயும் போகாது. பைண்ட் மவுண்ட் போடுங்கள்.

சாக்குப் போக்குகளும் என் பதிலும்

"அவனை அடைச்சு வச்சா தப்பா நினைச்சுக்குவான். நம்பிக்கை இல்லையாம்மா?"

பேங்க்ல வேலை பார்க்கிற கேஷியர் மேல நம்பிக்கை இல்லாமலா அவர் கவுண்ட்டருக்குத் தனி கணக்கு வைக்கிறாங்க? அவரை நம்பலாம். அவர் லேப்டாப்பை நம்பலாமா? அவர் பாஸ்வேர்டை எழுதி வச்ச எக்ஸலை நம்பலாமா? 2013 கடைசியில அமெரிக்காவில் டார்கெட் கடைகளில் நடந்த திருட்டு ஊருக்கே தெரியும். சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போனது; 7 கோடி வரையிலான வாடிக்கையாளர்களின் விவரமும் போனது. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை செய்து கொடுத்த ஒரு சின்ன ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த லாகினைத் திருடி. அந்த ஒப்பந்ததாரர் கெட்டவர் இல்லை. அவர்களுக்கு வந்த ஒரு மெயில் கெட்டது. அது எஸ்எஃப்டிபி சமாசாரம் இல்லை, வேறு வகை லாகின்தான். ஆனால் பாடம் ஒன்றுதான்: வெளியாள் வந்து நிற்கும் இடத்திலிருந்து உள் அறைக்கு வழி இருக்கக் கூடாது. வழி இருந்தது, அதனால் போனார்கள்.

"சின்ன கம்பெனிங்க, நம்மளை எவன் ஹேக் பண்ணப் போறான்?"

சர்வரை இன்டர்நெட்ல வச்சு, லாகின் முயற்சி பதிவாகிற லாகை ஒரு நாள் திறந்து பாருங்க. உங்க கம்பெனி சின்னதா பெரிசான்னு பார்த்து எவனும் தட்டலை. ரோபோ தட்டுது. எந்தக் கதவு திறக்குதோ அங்க நுழையும்.

"ஷெல்லை நோலாகின்னு மாத்திட்டேனே, போதாதா?"

போதாது. இதை நிறைய நல்ல அட்மின்களே நம்பிக்கிட்டு இருக்காங்க. ஷெல் கேட்காமலே எஸ்எஸ்ஹெச்-ல சுரங்கம் மட்டும் போடலாம். போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். வழக்கமான செட்டிங்கில் அது அனுமதிக்கப்பட்டுத்தான் இருக்கும். உங்கள் டேட்டாபேஸ் வெளியே தெரியாமல் உள் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு நேராக இந்த 'ஃபைல் மட்டும்' ஆசாமி ஒரு குழாய் இழுத்துவிடலாம். அதற்காகத்தான் மேலே அந்த 'ஃபார்வர்டிங் நோ' வரிகள். அவை அலங்காரத்துக்கு இல்லை.

"சிஎச்ரூட்டை உடைச்சு வெளிய வரலாம்னு படிச்சேனே?"

ரூட் அதிகாரம் உள்ளவன் உடைக்கலாம். உண்மை. ஆனால் இங்கே உள்ளே இருப்பவன் ரூட் இல்லை, அவன் கையில் கமாண்டும் இல்லை. பூட்டை உடைக்க முடியும் என்பதற்காகக் கதவையே வைக்காமல் வீடு கட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

"எங்களுக்கு எஸ்சிபி-தான் பழக்கம், அது நின்னு போயிடும்."

2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0-லிருந்து எஸ்சிபி கமாண்டே உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி-யைத்தான் பயன்படுத்துகிறது. கமாண்ட் அதேதான். இந்தச் சாக்கும் காலி.

இது மட்டும் போதும்னு தூங்கிடாதீங்க

எனக்குப் பிடித்த விஷயம் என்பதற்காக இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்க மாட்டேன். சிஎச்ரூட் செய்யாதவை சில உண்டு.

ஒன்று, அடைத்து வைத்த டைரக்டரி வெப் சர்வருக்குக் கீழே இருந்து, அங்கே பிஹெச்பி ஓடினால், கதை கந்தல். உள்ளே இருப்பவன் ஒரு பிஹெச்பி ஃபைலை ஏற்றிவிட்டு பிரவுசரில் கூப்பிட்டால், அது கிணற்றுக்கு வெளியே, வெப் சர்வரின் அதிகாரத்தில் ஓடும். எஸ்எஸ்ஹெச் போட்ட சுவர் வெப் சர்வருக்குத் தெரியாது. வரும் ஃபைல்களை வெப் டைரக்டரிக்கு வெளியே வாங்குங்கள்.

இரண்டு, டிஸ்க்கை நிரப்புவதை அது தடுக்காது. கோட்டா போடுங்கள், அல்லது தனி பார்ட்டிஷன் கொடுங்கள். ராத்திரி ஒருவர் தெரியாமல் 200 ஜிபி ஏற்றினால் சர்வரே படுத்துவிடும்.

மூன்று, பாஸ்வேர்டுக்குப் பதில் கீ கொடுங்கள். ஆளுக்கு ஒரு கீ. அந்தக் கீ ஃபைலைக் கிணற்றுக்கு வெளியே, ரூட் மட்டும் எழுதக்கூடிய இடத்தில் வையுங்கள். அப்போதுதான் அவராகவே இன்னொருவர் கீயைச் சேர்க்க முடியாது.

நான்கு, லாக். இன்டர்னல்-எஸ்எஃப்டிபி-க்கு லாக் அளவைச் சொல்லிவிட்டால், யார் எந்த ஃபைலைத் திறந்தார், எதை அழித்தார் என்று எழுதி வைக்கும். சில சிஸ்டங்களில் இதற்குக் கிணற்றுக்குள் ஒரு லாக் சாக்கெட் வைக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் மெனக்கெடுங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பழி யார் தலையில?

இதுதான் ஆரம்பத்துல சொன்ன விஷயம்.

நான் வேலை பார்த்த ஒரு இடம். பேர் வேண்டாம். வெளியிலிருந்து டிசைன் ஃபைல் அனுப்ப ஒரு பையன் இருந்தான். வயசு இருபத்தி மூணு இருக்கும். சம்பளம் கிடையாது, ஃபைலுக்கு இவ்வளவுன்னு கூலி. அவனுக்கும், அவனை மாதிரி இன்னும் மூணு பேருக்கும், உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்ட். எல்லா ஃபோல்டரும் எல்லாருக்கும். ஒரு திங்கக்கிழமை காலையில ஒரு கஸ்டமரோட ஃபோல்டரே காணோம். பேக்கப் மூணு வாரம் பழசு.

யார் அழிச்சது? லாக்ல ஒரே பேர். ஆறு பேருக்கும் அதே பேர். உள்ள இருந்தவங்க ரெண்டு பேரும் மீட்டிங்ல உட்கார்ந்திருந்தாங்க, அவங்க பக்கத்தைச் சொல்ல முடிஞ்சது. வெளியே இருந்த மூணு பேர் வேற ஒரு ஏஜென்சி ஆளுங்க, அவங்களுக்காகப் பேச மேனேஜர் இருந்தார். இந்தப் பையனுக்கு யார் இருக்கா? "சார், நான் அந்த ஃபோல்டர் பக்கமே போகலை சார்"னு போன்ல சொன்னான். "போகலைன்னு எப்படிப்பா நிரூபிப்பே?"ன்னு கேட்டாங்க. எப்படி நிரூபிப்பான்? போக முடியும்ங்கிற வழியைத் திறந்து வச்சது நாம. ரெண்டு மாசக் கூலியை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவன் வரலை. அந்த ஃபோல்டரை யார் அழிச்சதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியலை.

அவனுக்குன்னு ஒரு அக்கவுண்ட், ஒரு கிணறு, அதுக்குள்ள ஒரு 'வரவு' ஃபோல்டர் இருந்திருந்தா? "என்னால அங்க போகவே முடியாது சார்"ங்கிற ஒரே வரியில அவன் தப்பிச்சிருப்பான். யாரும் மேல கேள்வி கேட்க முடியாது. சர்வரே அவனுக்கு சாட்சி சொல்லியிருக்கும்.

அதனாலதான் "அடைச்சு வச்சா அவமானம்"ங்கிற பேச்சைக் கேட்டா எனக்குக் கோபம் வருது. எல்லாக் கதவையும் திறந்து விட்டுட்டு, ஏதாவது காணோம்னா அடிமட்டத்துல இருக்கிறவனைப் பிடிச்சு உலுக்குறதுதான் அவமானம். அளவா உரிமை கொடுக்கிறது சந்தேகம் இல்லை. வேலை செய்றவனுக்குக் கொடுக்கிற பாதுகாப்பு. அடைப்பு ரெண்டு பக்கமும் காவல்: அவனிடமிருந்து சர்வருக்கும், நம்மிடமிருந்து அவனுக்கும்.

அப்படியே ஒரு வார்த்தை, இந்த வேலையில் புதுசா சேருகிற தம்பி தங்கச்சிகளுக்கும். யாராவது "இந்தா முழு ஆக்சஸ், வச்சுக்கோ"ன்னு கொடுத்தா பெருமைப்படாதீங்க. "எனக்கு அந்த ஒரு ஃபோல்டர் போதும் சார், அதுக்கு மட்டும் கொடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. எழுத்துல, மெயில்ல கேளுங்க. நாளைக்கு உங்களைக் காப்பாத்தப் போறது அந்த மெயில்தான்.

சரி, இதைப் படிக்கிற அட்மின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரே ஒரு வேலை. உங்க சர்வர்ல ஃபைல் போட மட்டும் வர்ற வெளியாள் அக்கவுண்ட் ஒண்ணை எடுத்துக்கோங்க. அந்த ஆளா நீங்களே எஸ்எஃப்டிபி-யில லாகின் பண்ணுங்க. 'சிடி' போட்டு, ரெண்டு புள்ளி வச்சு, ஒரு படி மேல ஏறிப் பாருங்க. இன்னொரு படி. இன்னொரு படி. ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நின்னா, அங்க 'வரவு' மாதிரி ஒண்ணைத் தவிர வேற எதுவும் கண்ணுல படலைன்னா, சந்தோஷம், போய் டீ குடிங்க. ஏறிக்கிட்டே போய் சர்வரோட மொத்தச் சொத்தும் கண்ணுல பட்டுச்சுன்னா, டீ அப்புறம். முதல்ல அந்த ஏழெட்டு வரி.